ஆம்ப்ளிஃபையரைத் திறந்த சனிக்கிழமை

புதிதாக ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கிய மனிதனை நம்பி வீட்டில் எந்தப் பொருளையும் விட்டுவைக்கக் கூடாது. அவன் கண்ணுக்கு எல்லாமே பழுதாகத்தான் தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "ஏதோ சத்தம் வர்றா மாதிரி இல்ல?" என்பான். அடுத்த அரை மணி நேரத்தில் அது நிஜமாகவே சத்தம் போட ஆரம்பிக்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் அப்படி ஒரு செட் வாங்கியிருந்தேன். சிவப்புப் பிடி, பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும், பார்க்கவே கம்பீரமாக இருக்கும். பிழைப்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் போகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. வீடு வேலூர் சத்துவாச்சாரியில். அம்மா, தங்கை பிரிசில்லா, நான். அப்பா தவறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பிரிசி ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நான் கிட்டார் வாசிப்பேன். (என் வாசிப்பைப் பற்றி சபையில் யாரும் குறை சொன்னதில்லை. யாரும் எதுவுமே சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.)

அந்தக் குழுவிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்து பல வருடம் இங்கே வேலை பார்த்த ஒரு டாக்டர், ஊருக்குத் திரும்பும்போது தன் கிட்டார் ஆம்ப்ளிஃபையரை சபைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பழைய வால்வ் வகை. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. பின்பக்கக் கம்பி வலை வழியாகப் பார்த்தால், உள்ளே வால்வ் என்கிற கண்ணாடிக் குழாய்கள் மெதுவாகச் சிவந்து, பிறகு பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு வரும். அதற்குப் பிறகு ஒரு தந்தியைத் தொட்டால், அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வந்து சேரும். முதல் முறை அதில் வாசித்த அன்று, வாசித்தது நான்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்த ஆம்ப்ளிஃபையர் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று செத்துப்போனது.

ஆராதனை முடிந்து, ஞாயிறு அதிகாலை ஈஸ்டர் ஆராதனைக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. குழுத்தலைவர் தேவசகாயம் சார், "வால்யூம் கொஞ்சம் கம்மி பண்ணுப்பா, ஜன்னல் கண்ணாடி அதிருது" என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். 'ப்ர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு எதுவும் இல்லை. வால்வுகள் எரிகின்றன, விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. நான் வால்யூமைக் கடைசிவரை திருகிப் பார்த்தேன். பயனில்லை.

தேவசகாயம் சாரின் முகம் சிறுத்துவிட்டது. "டாக்டர் குடுத்தது. ஈஸ்டர் வேற. இப்ப இன்னா பண்றது?"

"சின்ன விஷயம் சார். நான் வீட்ல வச்சி சரி பண்ணிட்றேன்" என்றேன்.

அதை என் வாய்தான் சொன்னது. சிவப்புப் பிடி செட் கொடுத்த தைரியம். பக்கத்தில் நின்ற கிரேஸ், குழுவின் இரண்டாவது கிட்டார், என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

போகிற வழியில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை ஒன்று திறந்திருந்தது. கடைக்காரர் பின்பக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "வால்வா? திங்கக்கெழம வாங்க, நிதானமா பாக்கணும்" என்றார். ஈஸ்டருக்குத் திங்கட்கிழமை வரை பொறுமை கிடையாது. வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

அன்று மாலை முழுவதும் வீடியோ பார்த்தேன், கட்டுரை படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு வேர்த்தது. சரி பண்ணுவதைப் பற்றி ஒரு வரி இருந்தால், சாகாமல் இருப்பதைப் பற்றி ஒன்பது வரி இருந்தது. அந்தப் பெட்டிக்குள் கப்பாசிட்டர் என்று சில சின்ன டப்பாக்கள் உண்டு. மின்சாரத்தைச் சேர்த்துவைப்பது அவற்றின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை சேர்த்ததை விடாது. வீட்டு மின்சாரத்தைவிட அதிக வோல்டேஜோடு, சத்தமில்லாமல், அசையாமல், யாராவது கை வைப்பார்களா என்று உட்கார்ந்திருக்கும். இதைப் படித்துவிட்டுக் கூடத்து மூலையில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பிளக் தரையில் தனியாகக் கிடந்தது. ஆனாலும் அந்தப் பெட்டி என்னைப் பார்ப்பது போலிருந்தது.

ஆம்பூர் தொழிற்சாலை நண்பன் சலீமுக்குப் போன் பண்ணினேன். தோல் பதனிடும் பிரிவில் இருப்பவன்.

"தோஸ்த், உங்க செக்ஷன்ல போடுற முட்டி வரைக்கும் வர்ற பூட்ஸ், ரப்பர் கையுறை, ஏப்ரன் எல்லாம் ஒரு நாளைக்கு வேணும்."

"இன்னாத்துக்கு?"

"கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர்."

"கிட்டார் ரிப்பேரா, முதலை புடிக்கிறியா?" என்றான். ஆனாலும் சனிக்கிழமை காலையில் பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். "பேஜார் பண்ணிக்காத. கைய உஷாரா வை" என்றான் புறப்படும்போது.

நான் அந்த வேஷத்தில் கூடத்துக்கு வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, மாடு கழுவப் போறியா?" என்றார்.

பிரிசிக்கு அன்று விடுமுறை. அவள் சிரிக்கவில்லை. கையுறையைத் தொட்டுப் பார்த்து, "இது கெமிக்கலுக்குப் போடுறது. கரண்டுக்கு இதை நம்பாத" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "தனியா செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கா இல்லையா?"

"போட்டிருக்கு."

"அப்ப நான் இங்கதான் இருப்பேன். உனுக்கு எதுனா ஆச்சுன்னா நான் பாத்துக்குறேன்."

தங்கை ஐ.சி.யூ. நர்ஸாக இருப்பது இதற்குத்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அம்மாவை மெயின் சுவிட்ச் பக்கத்தில் நிற்க வைத்தோம். நான் கத்தினால் அணைக்க வேண்டும்.

"பிளக்கைத்தான் புடுங்கிட்டியேடா. இன்னும் இன்னா அணைக்கிறது?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. ஆனாலும் நின்றார்.

மரப்பெட்டிக்குள்ளிருந்து, வால்வும் கம்பிகளும் பொருத்தியிருந்த உலோகப் பகுதியை மட்டும் கழற்றி உருவி, மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். ஸ்பீக்கரோடு இருந்த மரப்பெட்டியைத் தரையில், நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

உள்ளே குனிந்து பார்த்தேன். வண்ண வண்ணக் கம்பிகள், யாரோ தலைவாரிப் பின்னிவிட்டது போல, ஒன்றோடொன்று சிக்காமல் வளைந்து வளைந்து போயிருந்தன. ஒவ்வொரு பற்றவைப்பும் ஒரு துளி வெள்ளி. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் தன் கையால் ஒவ்வொன்றாக வைத்தது. அதன் வழியாகத்தான் நான் இத்தனை நாள் வாசித்த சுமாரான கிட்டார் அவ்வளவு பெரிதாகி வெளியே வந்திருக்கிறது.

"நரம்பு மாதிரி இருக்குண்ணா" என்றாள் பிரிசி மெதுவாக. அம்மா மெயின் சுவிட்சை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். அவரைத் திரும்பவும் அனுப்ப வேண்டியிருந்தது.

படித்தபடியே எல்லாம் செய்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டேன். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகும் என்று போட்டிருந்தது. ஒரு ரெசிஸ்டரை வயரில் இணைத்து, ஒரு முனையை உலோகச் சட்டத்தில் மாட்டி, மறு முனையால் கப்பாசிட்டரைத் தொட்டுப் பிடித்திருந்தேன். அப்படிச் செய்தால் சேர்த்துவைத்தது மெதுவாக வடிந்துவிடும். வோல்டேஜ் அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் எழுந்திருக்கவே இல்லை.

"காலி" என்று அறிவித்தேன்.

உண்மையில் காலியாகியிருந்தது பாதி வீடுதான். அந்த ஆம்ப்ளிஃபையருக்கு இரண்டு சுவிட்சுகள். ஒன்று மின்சாரத்துக்கு. இன்னொன்று, வால்வுகள் சூடாகும்வரை மீதி பாகங்களைக் காத்திருக்க வைக்க. இரண்டாவதை நான் அணைத்து வைத்திருந்தேன். அதனால் உள்ளே ஒரு கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் இருந்ததைத்தான் நான் வடித்திருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்த பெரிய கப்பாசிட்டர் நிறைந்த வயிற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்று காலி என்றால் எல்லாம் காலிதானே என்று விட்டுவிட்டேன்.

தைரியம் வந்துவிட்டதால் கையுறையைக் கழற்றினேன். சிவப்புப் பிடியை எடுத்து, ஏதோ ஒரு பற்றவைப்பைத் தட்டிப் பார்க்கலாம் என்று குனிந்தேன். வழுக்கியது.

'டமார்!'

துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். நீல வெள்ளையாக ஒரு வெளிச்சம். ஸ்க்ரூடிரைவரின் முனையில் ஒரு துண்டைக் காணவில்லை. எனக்கு ஷாக் அடிக்கவில்லை. பிடி பிளாஸ்டிக், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். ஆனால் அதிர்ச்சியில் நாற்காலியோடு மல்லாந்து விழுந்தேன். பூட்ஸ் கால்கள் இரண்டும் மேலே போயின. விழுந்த அடியில் மூச்சு நின்று, வாய் திறந்து, சத்தம் வராமல் கிடந்தேன். காதில் 'ஙொய்ய்' என்றது. ஆச்சரியமாக இருந்தது. பயம் அதற்கப்புறம்தான். பிளக்கைப் பிடுங்கி எவ்வளவு நேரம் ஆகிவிட்டது! எங்கேயும் ஒட்டாமல், யாரும் பார்க்காமல், இவ்வளவும் அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருந்திருக்கிறது!

இந்த ஆச்சரியத்தை முடிப்பதற்குள் என் மார்பின்மேல் ஒரு லாரி ஏறியது.

பிரிசிதான். முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக என் நெஞ்சில் வைத்து, மொத்த உடம்பையும் போட்டு அமுக்க ஆரம்பித்திருந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..."

விட்டுவிடு என்று சொல்ல நினைத்தேன். அவள் அமுக்குகிற வேகத்தில், உள்ளே வருகிற கொஞ்சநஞ்ச மூச்சும் வெளியே போய்விட்டது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கம் அந்த மரப்பெட்டி. அதன் பின்பக்கம் திறந்திருந்தது. என் கண்ணுக்கு நேராக ஸ்பீக்கர்.

ஸ்பீக்கருக்கு இரண்டு வயர் போக வேண்டும். ஒன்றுதான் போயிருந்தது. இன்னொன்று, வெள்ளிக்கிழமை நான் ஏற்றிய வால்யூமின் அதிர்வில் கழன்று, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் பழுது. எதையும் திறக்காமல், குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முதலில் வெளியே இருக்கிற வயர்களைப் பாருங்கள் என்று எல்லாக் கட்டுரையிலும் முதல் வரியாகப் போட்டிருந்தது. அது சாதாரண ஆட்களுக்கு என்று நான் தாண்டிப் போயிருந்தேன்.

"வ... வய... வயர்..." என்றேன்.

"தெரியும்ணா, வயர்தான், கரண்டு அடிச்சிடுச்சி, ஒண்ணும் ஆவாது, நான் இருக்கேன்... பதினொண்ணு, பன்னெண்டு..."

"வயர்டீ..."

"பேசாத! பதிமூணு!"

ஏதோ ஒன்று 'டக்' என்றது. என் விலா எலும்பு.

அம்மா இதற்குள் மெயினை அணைத்துவிட்டு ஓடி வந்து, "ஏசப்பா" என்று ஒரு கத்துக் கத்தி, என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். "ஏய் பிரிசி! கண்ணு சிமிட்றான்டீ! வுடுடீ!" என்றார்.

பிரிசி நிறுத்தினாள். அவள் கை இன்னும் என் மார்மேல் இருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: அவள் முகம் முழுக்கக் கண்ணீர். எண்ணிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் தினமும் எத்தனையோ பேரை அவள் இப்படிப் பார்ப்பவள். அமுக்குவதற்கு முன்னால் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும், மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். "எல்லாம் மறந்துட்டேண்ணா" என்றாள். "அப்பா வுழுந்தப்ப நான் பக்கத்துல சும்மா நின்னேன். எனுக்கு ஒண்ணும் தெரியல. நீ வுழுந்ததும்..."

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று கேட்காமலே தெரிந்தது. சற்று முன்பு பெட்டிக்குள்ளிருந்து வெடித்ததைப் பார்த்து மலைத்துப்போனவன், இப்போது அவளைப் பார்த்து அதைவிட அதிகமாக மலைத்துப்போனேன். (எலும்பு முறிந்தவன் இவ்வளவு நெகிழ்வது சுலபமில்லை. மூச்சு விட்டாலே வலித்தது.)

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே ஆட்டோவில் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், விலா எலும்பில் மெல்லிய விரிசல் என்றார். "யார் சி.பி.ஆர். பண்ணது?"

பிரிசி தலையைக் குனிந்துகொண்டு கையைத் தூக்கினாள்.

"அழுத்தம் ரொம்ப கரெக்டா இருந்திருக்கு" என்று மனதாரப் பாராட்டினார். "பேஷன்ட்தான் தப்பு."

மாலையில் வீடு திரும்பி, நான் சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, பிரிசி செய்தாள். அந்த இரண்டாவது சுவிட்சுக்கு இரண்டு பக்கமும், ஒவ்வொரு கப்பாசிட்டராகத் தொட்டு வடித்து, ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்து, எனக்கும் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். நோயாளிக்கு ஊசி போடுகிற அதே நிதானம். உலோகப் பகுதியைப் பெட்டிக்குள் ஏற்றி முடுக்கினாள். கழன்ற வயரை ஸ்பீக்கரில் அழுத்தி மாட்டினாள். அது மாட்டிய சத்தம் 'டிக்' என்று கேட்டது. அவ்வளவுதான் ரிப்பேர்.

ஆனால் எனக்குள் இன்னொரு பயம் இருந்தது. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வ் ஆம்ப்ளிஃபையரை ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்பார்மர் கருகிவிடலாம் என்று படித்திருந்தேன். நானோ, சத்தம் வரவில்லை என்று வால்யூமைக் கடைசிவரை திருகியவன். டாக்டர் கொடுத்ததைக் கொன்றுவிட்டேனா என்று இன்னும் தெரியாது.

பிளக்கைச் செருகினாள். விளக்கு எரிந்தது. கண்ணாடிக் குழாய்கள் மெதுவாகச் சிவந்தன. காத்திருந்து இரண்டாவது சுவிட்சைப் போட்டாள். என்னால் கிட்டாரைத் தோளில் மாட்ட முடியாது. "அம்மா, நீங்க தொடுங்க" என்றேன்.

"நானா? எனுக்கு இன்னா தெரியும்?"

"தெரிய வேணாம். ஒரு கம்பிய இழுத்து வுடுங்க போதும்."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுடுகிற பாத்திரத்தைத் தொடுவதுபோல ஒரே ஒரு தந்தியை விரலால் தட்டினார்.

வீடு நிறைந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு சுரம் தரையில் ஓடி, சோபாவில் ஏறி, என் உடைந்த எலும்பைத் தொட்டு, அடுப்படி அலமாரியில் டம்ளர்களை 'ங்ங்' என்று முனக வைத்து, மெல்ல மெல்ல அடங்கியது. அம்மா கையை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். தன் விரலைப் பார்த்தார். இந்த வீட்டில் இத்தனை வருடம் கிட்டார் இருந்தும், அவர் அதைத் துடைத்து மூலையில் வைத்ததைத் தவிர வேறு எதற்கும் தொட்டதில்லை.

"இதுவா நான் பண்ணது?" என்றார்.

பிறகு, நாங்கள் யாரும் சொல்லாமலே, முன்னால் வந்து இன்னொரு முறை தட்டினார். அதற்குப் பிறகு அடுப்பில் குருமா அடிபிடிக்கும்வரை அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

ஞாயிறு விடியலில், சர்ச் வளாகத்தில் திறந்தவெளியில் ஆராதனை. என் இடத்தில் கிரேஸ் வாசித்தாள். நான் கடைசி வரிசையில், நெஞ்சுக்கட்டோடு, தலையணை ஒன்றை அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அவள் முதல் சுரத்தை எடுத்தபோது எதிரே மொட்டைப் பாறை மலையின் உச்சி மட்டும் சிவந்துகொண்டிருந்தது. அந்த ஆம்ப்ளிஃபையரை நான் எப்போதும் பக்கத்தில் நின்றுதான் கேட்டிருக்கிறேன்; அதுவும் என் வாசிப்பை மட்டும். தூரத்திலிருந்து, இன்னொருவர் வாசிக்கக் கேட்பது அதுதான் முதல் முறை. அவள் வால்யூமைப் பாதிக்குமேல் ஏற்றவே இல்லை. அப்படியும் அது மலைவரை போய்த் திரும்பி வந்தது. முன்வரிசையில் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். விம்மினால் விலா வலிக்கும் என்பதால் அழுகையைப் பாக்கி வைத்தேன்.

ஆராதனை முடிந்து தேவசகாயம் சார் வந்து, "வெள்ளிக்கெழம செத்துது, ஞாயித்துக்கெழம எழுந்துடுச்சி. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்றார். பிறகு என் நெஞ்சுக்கட்டைப் பார்த்தார். "நடுவுல சனிக்கெழம இன்னா ஆச்சி?"

அம்மா சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை சொல்லிக்கொண்டே இருக்கிறார். கிரேஸ்தான் இப்போதும் முதல் கிட்டார். எலும்பு கூடிய பிறகு நான் இரண்டாவதுக்கு வந்துவிட்டேன். அந்த இடம் எனக்கு ரொம்பப் பொருத்தம் என்று சபையில் முதல் முறையாக என் வாசிப்பைப் பற்றி நல்லதாகச் சொல்கிறார்கள்.

போன வருடம் அம்மாவுக்குக் கண் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். பிரிசி இப்போது அங்கே நர்ஸ் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறாள். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது சீருடையில் ஒரு மாணவி என்னையே உற்றுப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க பிரிசில்லா மேடத்தோட அண்ணனா?"

"ஆமாம்மா."

அவள் பின்னால் திரும்பித் தோழிகளைக் கைகாட்டி அழைத்தாள். நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். முதலாமவள் குனிந்து, பாடத்தில் சொல்லிக் கொடுத்தபடியே என் இரண்டு தோளையும் பலமாகத் தட்டி, "சார்! சார்! கேக்குதா?" என்றாள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்குதும்மா" என்றேன்.

"பதில் சொல்றாருடி" என்றாள் தோழிகளிடம் திருப்தியாக. "அப்ப அமுக்கக் கூடாது."